கழட்டிப் பார்த்த நாயுடு

ஜி.டி. நாயுடுவை உங்களுக்குத் தெரியும். 1893-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்துல பிறந்தவர். படிப்பு ஆரம்பப் பள்ளியோட சரி. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் மேல ஆசைப்பட்டு, ஹோட்டல் சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கினதும் முழுசா கழட்டி மறுபடி மாட்டினார். ஒரு பாகம் போனாலும் சேர்த்த காசு அத்தனையும் போச்சு! யோசிச்சுப் பாருங்க.

1920-ல் பொள்ளாச்சி–பழனி ரூட்டுல ஒரு பஸ், அது யு.எம்.எஸ். கம்பெனியா வளர்ந்துச்சு. 1945-ல் கோவையில பொறியியல் கல்லூரி வர பணம் கொடுத்தார். படிப்புக்கு நாலு வருஷம் தேவையில்லைங்கிறது அவர் கட்சி (நமக்கும் அதே டவுட்தான்!). 1974-ல் மறைந்தார்.

இப்ப மேச்சேரிக்கு வாங்க. மரம் அறுக்கிற மெஷின்ல கயிறு கனமில்லாம வருது, ஸ்டார்ட் ஆகலை. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அவர் மாதிரி கழட்டுங்க. பிளக் வயரை எடுத்துட்டு சைலன்சரைக் கழட்டினா, எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா பிஸ்டன் தெரியும். மரக்குச்சியால ரிங்கை லேசா அமுக்குங்க. ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரலைன்னா, பள்ளத்துல கரி பிடிச்சு ஒட்டிக்கிச்சு, கம்ப்ரெஷன் கசியுது. பெட்ரோல்ல கண்ட ஆயிலைக் கலந்தா இப்படித்தான் ஆகும். பிஸ்டனை வெளியே எடுத்து மண்ணெண்ணெய்ல ஊறவச்சு, ரிங்கைப் பதமா கழட்டி, பள்ளத்தை உடைஞ்ச பழைய ரிங் துண்டால சுரண்டுங்க. அலுமினியத்துல கீறல் விழக்கூடாது. சிலிண்டர் சுவர்லயே ஆழமா கோடு விழுந்திருந்தா, ரிங் மட்டும் மாத்திப் பிரயோஜனமில்லை.