மூக்கை மீட்ட கவாஸ்ஜி

மைசூர் வண்டியில் செல்லுங்கால் சீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடக்கிறோம். அவ்விடத்தில் திப்பு சுல்தானை நினையாதார் இலர். மாடோட்டி கவாஸ்ஜியை நினைப்போர் அரியர். ஆயினும் இரண சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் தவறாது குறிக்கும் பெயர் அது.

கவாஸ்ஜி மராட்டிய உழவர் குலத்தவர். ஆங்கிலேயர் படையில் மாடு ஓட்டினார். காரன்வாலிஸ் பிரபு 1791 மார்ச்சில் நம் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்து, 1792இல் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட போர் அது. திப்புவிடம் சிறைப்பட்ட கவாஸ்ஜியின் மூக்கும் ஒரு கையும் அரியப்பட்டனவென இலண்டன் இதழொன்று கூறும். ஏறத்தாழ 12 மாதம் மூக்கின்றியே இருந்தார்.

பின்னர் பூனாவுக்கருகே செங்கல் அறுக்கும் குலத்தார் ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். மெழுகால் மூக்கின் அளவெடுத்து, அம்மெழுகை நெற்றியில் தட்டையாகப் பரப்பிக் கோடு கிழித்து, கோட்டினுள் அமைந்த தோலை உரித்தார். முழுதும் உரித்தாரல்லர், நுட்பமே அதுதான். புருவ நடுவே நாடாப் போலச் சிறிது தோலை விட்டுவைத்தார். அதன் வழியே இரத்தம் ஓடியமையால் தோல் உயிரோடிருந்தது. அதனை முறுக்கிக் கீழிறக்கி, அறுபட்ட மூக்கைச் சுற்றிக் கீறிய இடத்தில் செருகினார். மருந்து யாதெனின், நாம் வெற்றிலையுடன் மெல்லும் காசுக்கட்டியே! அதை நீரில் குழைத்துத் துணிகளில் தடவி அடுக்கடுக்காக ஒட்டினார். 4 நாள் கழிந்தபின் நெய்யில் தோய்த்த துணி. புதிய இடத்தில் இரத்தவோட்டம் பிடித்தபின், சுமார் 25ஆம் நாள், நாடாவை அறுத்தார்.

கவாஸ்ஜி கம்பெனியாரின் உபகாரச் சம்பளம் பெற்று வாழ்ந்தார். ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் அவர் முகத்தைத் தீட்டினார். 1794 அக்டோபரில் இலண்டன் ஜென்டில்மேன்ஸ் மாகசின் படத்துடன் செய்தி வெளியிட்டது. நோயாளியின் பெயர் உண்டு, அருகிருந்து பார்த்த ஆங்கில வைத்தியர் இருவர் பெயரும் உண்டு. கத்தி பிடித்தவர் பெயர் மட்டும் இல்லை. பதிவேடு எழுதிப் பிழைக்கும் நமக்கு அந்த வெற்றுக் கட்டம் பெரிதும் உறுத்துகிறது.

அச்செய்தியைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ என்பார் பிணங்களில் பழகி, 1814இல் இலண்டனில் இராணுவ அதிகாரி ஒருவருக்கு மூக்கமைத்து, 1816இல் நூலும் வெளியிட்டார். 1869இல் ரெவர்டின் என்பார் தோலைச் சிறு துணுக்குகளாக முற்றும் பிரித்தெடுத்து ஆறாப் புண்ணில் ஒட்டிக் காட்டினார். நாடா வேண்டியதில்லை, துணுக்கு மெல்லியதாகையால் புண்ணின் இரத்தமே அதனை ஊட்டிற்று. தீப்புண்ணுக்குத் தொடைத் தோலைச் சீவி ஒட்டும் இன்றைய சிகிச்சை அவ்வழி வந்தது. மூக்கிற்கோ, நெற்றித் தோலைத் திருப்பும் பழைய முறையே இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. செய்தவர் பெயர் தெரியாமையாற் போலும், அதனை இந்திய முறை என்றே வழங்குகின்றனர்.