தளிர் தேடிய ஆசான்

இன்றைய மயிலாடுதுறை அந்நாளில் மாயூரம் என வழங்கப்பட்டது. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர், அவ்வூரில் ஒரு வீட்டின் தோட்டத்தில் விடியற்காலையில் ஒரு பெரியவர் உலாவுவார். வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து நட்ட மரங்களை ஒவ்வொன்றாக உற்றுநோக்குவார். எங்கேனும் ஒரு புதுத்தளிர் தென்பட்டால் அவர் முகம் மலரும். மண் மாறிய மரம் வேரூன்றிவிட்டது என்பதற்கு அத்தளிரே சான்று. மரங்களிடம் தளிரைத் தேடிய அப்பெரியவர், தம்மை நாடி வந்த இளைஞர்களின் உள்ளத்திலும் அதனையே தேடினார். அவரே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

தந்தையே முதல் ஆசான்

மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் பணியாற்றிய தந்தையார், பின்னர்ச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரானார். நிகண்டும் அந்தாதியும் கலம்பகமும் பிள்ளைத்தமிழும் மகனுக்குத் தந்தைவழியே வந்து சேர்ந்தன. ஆயினும் அப்பேறு நெடுநாள் நீடிக்கவில்லை. பதினைந்து வயதளவில் அவர் தந்தையை இழந்தார்.

குடும்பச்சுமை தோளில் ஏறிய நிலையிலும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. திருச்சிராப்பள்ளியில் தமிழறிந்தார் யாவரையும் தேடிச் சென்று பாடம் கேட்டார். இரந்துண்டு திரிந்த பரதேசி ஒருவருக்குத் தண்டியலங்காரம் தெரியும் என அறிந்ததும், அவர் பின்னே அலைந்து, ஏவிய பணிகளைச் செய்து அந்நூலைக் கற்றார். கற்பிப்பவரின் தோற்றத்தையோ நிலையையோ அவர் பார்க்கவில்லை; கல்வியையே பார்த்தார். கல்விக்காகத் தாம் பட்ட அலைச்சலைப் பிற்காலத்தில் தம் மாணவர் படலாகாது என்று கருதியவர் போலவே அவர் வாழ்நாள் முழுவதும் நடந்துகொண்டார்.

மாணவரே மக்கள்

திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டமளித்துச் சிறப்பித்தது. இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களும் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலிய பல சிற்றிலக்கியங்களும் அவர் இயற்றியவை. செய்யுள்களை அவர் வாய்மொழியாகவே சொல்லிச் செல்வார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்வர். ஒரு நூல் உருவாகும் முறையினை அருகிருந்து காண்பதே அம்மாணவர்க்குப் பெரும்பாடமாயிற்று.

கற்பித்தலுக்கு அவர் பொருள் கேட்டதில்லை. சமய வேறுபாடும் பார்த்ததில்லை. பூவாளூர்த் தியாகராச செட்டியார், நாகூர்க் குலாம் காதிறு நாவலர், கிறித்தவரான சவேரிநாத பிள்ளை எனப் பலரும் அவரிடம் பயின்றனர். மாயூரத்தில் முனிசீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை அவருடைய உற்ற நண்பர். சைவ மடத்தின் புலவரான அவர், கிறித்தவரான அந்நண்பர்மீது குளத்தூர்க் கோவை என்னும் நூலைப் பாடினார்.

ஒரு மாணவரின் வருகை

1871ஆம் ஆண்டில், உத்தமதானபுரத்தைச் சேர்ந்த வேங்கடசுப்பையர் தம் பதினாறு வயது மகனை மாயூரத்துக்கு அழைத்து வந்தார். அவ்விளைஞரின் பெயர் வேங்கடராமன்; வீட்டார் சாமா என அழைப்பர். அதனைக் கேட்டறிந்த ஆசிரியர் சாமிநாதன் என்னும் பெயரால் அவரை அழைக்க விரும்பினார். அப்பெயரே பின்னாளில் தமிழுலகில் உ. வே. சாமிநாதையர் என நிலைபெற்றது.

ஆசிரியர் தளிர் தேடுவதைக் கண்ட சாமிநாதர், அவருக்கு முன்னரே எழுந்து தோட்டம் முழுவதும் சுற்றித் தளிர்களைக் கண்டுவைப்பார். ஆசிரியர் வந்ததும் அவை இருக்குமிடத்தைக் காட்டுவார். ஆசிரியர் மகிழ்வார், உரையாடல் தொடங்கும், பாடம் கேட்கும் வாய்ப்பும் கிட்டும். மாணவரின் ஆர்வத்தை உணர்ந்த ஆசிரியர், நூல்மேல் நூலாகக் கற்பித்தார். சுவடி வேண்டுமெனின் தேடித் தந்தார். தந்தையின் பரிவும் ஆசானின் கண்டிப்பும் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

இறுதிக் காலம்

பெரும்புலவராக விளங்கியும் அவர் வீட்டில் வறுமை நீங்கவில்லை. கையில் வந்த பொருள் தங்கவில்லை; கடனே தங்கியது. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் அவர் உயிர் நீத்தார். சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதர் அருகிருந்து திருவாசகம் படித்தார். ஒரு சைவப் புலவரின் இறுதி நேரத்தில் அவரைத் தாங்கியவை கிறித்தவ மாணவர் ஒருவரின் கைகள்.

வேரும் விளைவும்

ஆசான் மறைந்தபோது சாமிநாதருக்கு வயது இருபத்தொன்றுகூட நிறையவில்லை. அவருடைய கல்வி அத்துடன் நின்றுவிடவில்லை. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தம் ஆசிரியரின் இளைய மாணவரான சாமிநாதரையே அப்பணிக்குப் பரிந்துரைத்தார். ஓராசிரியரின் மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கை கொடுத்தார்.

அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா எனச் சாமிநாதரை வினவினார். அந்நூலை அவர் கற்றதில்லை. ஆயினும் அறியாத நூலைக் கண்டு அஞ்சாமல் அதனுள் புகும் துணிவு அவரிடம் இருந்தது. அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். இந்நூல்களுக்கு அவர் உழைத்த உழைப்பின் வேர், மாயூரத்துத் தோட்டத்தில் ஊன்றப்பட்டது. தம் எழுபத்தெட்டாம் வயதிலும் அவர் ஆசிரியரை மறக்கவில்லை. 1933, 1934ஆம் ஆண்டுகளில் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்டார்.

தந்தையிடம் பெற்றதை மீனாட்சிசுந்தரம் பிள்ளை தம் மாணவருக்கு ஈந்தார். மாணவர் அதனைப் பன்மடங்காக்கித் தமிழுக்கு ஈந்தார். நல்லாசான் தாம் அறிந்தவற்றை மட்டும் தருவதில்லை. தாம் காணாத நூல்களையும் மாணவர் காண வழிசெய்கிறார். இன்று நாம் புறநானூற்றுப் பாடலொன்றை வகுப்பறையில் படிக்கும்போது, மாயூரத்தில் தளிர் தேடி நடந்த அப்பெரியவரின் பயனையும் சேர்த்தே நுகர்கிறோம்.