கோப்பை காணாத ஏழு ஆண்டுகள்

ஒரு பயிற்சியாளர் தம் குழுவை ஆண்டுதோறும் முன்வரிசையில் நிறுத்துகிறார். தோல்விகள் குறைவு, மைதானம் மக்களால் நிரம்புகிறது, ஆனால் பட்டம் மட்டும் கைக்கு எட்டுவதில்லை. இத்தகையவரை வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா? இது பந்தாட்டப் பித்தர்களின் வீண்பேச்சு என்று ஒதுக்கத் தக்கதன்று. எந்தப் பொதுக் காரியத்திலும் ஒருவருடைய உழைப்பைப் பலனைக்கொண்டு மட்டும் அளப்பதா, அவர் செய்துவரும் வேலையைக்கொண்டு அளப்பதா என்னும் பெருவழக்கே இதில் அடங்கியிருக்கிறது. கற்பனையில் வாதிப்பதைவிட, நடந்த வழக்கு ஒன்றை எடுத்து ஆராய்வது நலம். இங்கிலாந்தில் லிவர்ப்பூல் கால்பந்துக் கழகத்தை 1959 முதல் 1974 வரை நடத்திய பில் ஷாங்க்லியின் வாழ்க்கையை நாம் அதற்காகத் தேர்ந்துகொள்கிறோம். 1966-ஆம் ஆண்டு மே மாதத்திற்கும் 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற்கும் இடையே அவர் பெரும் பட்டம் ஒன்றும் பெறவில்லை. எனினும் அவர் அப்பதவியில் இருந்தார், இருக்கவும் விடப்பட்டார். அது சரிதானா என்பதே கேள்வி.

ஷாங்க்லி 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தில் ஏர்ஷயர் பகுதியிலுள்ள கிளென்பக் என்னும் சுரங்கச் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்குப் பத்துக் குழந்தைகள். ஆண்மக்கள் ஐவர், ஐவரும் கால்பந்தையே பிழைப்பாகக் கொண்டனர். அவர்களில் இளையவர் இவர். சில நூறு பேர் வாழ்ந்த அவ்வூர், தொழில்முறை ஆட்டக்காரர் ஏறக்குறைய ஐம்பதின்மரை ஈன்றது என்பர். பள்ளியை விட்டதும் பதினான்கு வயதில் ஷாங்க்லி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குப் போனார். இருளிலும் தூசியிலும் ஒருவருயிர் மற்றொருவர் கையில் இருக்கும் அத்தொழிலில், தனக்கென்று மட்டும் உழைப்பவன் நிலைப்பதில்லை. பிற்காலத்தில் அவர் தம் ஆட்டக்காரருக்குப் போதித்ததெல்லாம் அங்கே கற்ற பாடந்தான். ஒவ்வொருவனும் மற்றவனுக்காக உழைக்கவேண்டும். வந்த பலனை எல்லாரும் பகிர்ந்துகொள்ளவேண்டும். அதனையே அவர் தமது சமதர்மக் கொள்கை என்றும் கருதினார்.

1932-இல் கார்லைல் கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பிரஸ்டன் நார்த் எண்டு கழகம் அவரை வாங்கியது. 1938-இல் அக்குழு எப்.ஏ. கோப்பையை வென்றபோது அவரும் களத்தில் நின்றார். ஸ்காட்லாந்து நாட்டுக்காக ஐந்து முறை ஆடினார். அப்பொழுது உலகயுத்தம் மூண்டது. ஆட்டக்காரன் ஒருவனுடைய செழிப்பான ஆண்டுகளை யுத்தம் விழுங்கிவிட்டது. விமானப் படையில் பணிசெய்து திரும்பியபோது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது.

1949-இல் ஆட்டத்தை விட்டு மானேஜர் ஆனார். கார்லைல், கிரிம்ஸ்பி, ஒர்க்கிங்டன், ஹடர்ஸ்பீல்டு என்று பத்தாண்டு சிறு கழகங்களிலேயே கழிந்தது. அவ்விடங்களில் அவர் கோப்பை எதுவும் வெல்லவில்லை. நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கார்லைலையும் கிரிம்ஸ்பியையும் விட்டு அவரே விலகினார். நிர்வாகிகளிடம் முன்னேறும் ஆசை இல்லை, ஆட்டக்காரரை வாங்கப் பணமும் தரவில்லை என்பது அவருடைய குறை. ஆகவே, இருப்பதா போவதா என்னும் கேள்வியை நிர்வாகிகள் மட்டும் கேட்பதில்லை, பயிற்சியாளரும் கேட்கிறார். கருவி கொடாமல் வேலை கேட்கும் இடத்தில் அவர் தங்கவில்லை.

1959-ஆம் ஆண்டு டிசம்பரில் லிவர்ப்பூல் அவரை அழைத்தது. அந்நாளில் அக்கழகத்தின் நிலை இரங்கத் தக்கது. 1954 முதல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1959 ஜனவரியில் லீக்கில் இடமே இல்லாத உஸ்டர் என்னும் சிறு குழுவிடம் எப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் தோற்றிருந்தது. ஆன்பீல்டு மைதானம் பழுதடைந்திருந்தது. மெல்வுட்டிலிருந்த பயிற்சித் திடல் புதர் மண்டிக் கிடந்தது. புதிதாக வருகிற அதிகாரி முதலில் பழைய சிப்பந்திகளை நீக்கித் தம்மவரை அமர்த்துவது உலக வழக்கம். ஷாங்க்லி அப்படிச் செய்யவில்லை. பாப் பெய்ஸ்லி, ஜோ பேகன், ரூபன் பென்னட் ஆகிய துணைப் பயிற்சியாளர்களை அப்படியே வைத்துக்கொண்டு, விசுவாசம் ஒன்றை மட்டும் கேட்டார். ஆட்டக்காரர் விஷயத்திலோ அவர் தயவு காட்டவில்லை. ஏறக்குறைய ஓராண்டுக்குள் இருபத்துநான்கு பேரை அனுப்பிவிட்டார்.

அதன் பலன் உடனே கிடைத்ததா? இல்லை. அக்காலத்தில் இரண்டாம் டிவிஷனில் முதல் இரண்டு இடம் பெறும் குழுக்களே மேலே போகலாம். லிவர்ப்பூல் 1960-இல் மூன்றாவது. 1961-இல் மறுபடியும் மூன்றாவது. பொறுமையற்ற நிர்வாகம் அன்றே அவரை அனுப்பியிருக்கும். லிவர்ப்பூல் டைரக்டர்களோ அவர் கேட்ட இயன் செயிண்ட் ஜானையும் ரான் ஏட்ஸையும் வாங்கிக்கொடுத்தனர். 1962-இல் குழு மேலேறியது. 1964-இல் லீக் பட்டம். 1965-இல் கழகத்தின் சரித்திரத்திலேயே முதன்முறையாக எப்.ஏ. கோப்பை, 1966-இல் மீண்டும் லீக் பட்டம். இக்கடைசிப் பட்டத்தைப் பருவம் முழுவதற்கும் பதினான்கு ஆட்டக்காரரைக்கொண்டே வென்றார் என்பது குறிப்பிடத் தக்கது.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். அடுத்த ஆறு பருவங்களில் லீக்கில் லிவர்ப்பூல் பெற்ற இடங்கள் முறையே ஐந்து, மூன்று, இரண்டு, ஐந்து, ஐந்து, மூன்று. இது வீழ்ச்சியன்று, வெற்றியும் அன்று. 1966 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் மூடுபனியிடையே அஜாக்ஸ் குழுவிடம் 5-1 என்று தோற்று, ஐரோப்பியக் கோப்பையிலிருந்து விலக நேர்ந்தது. 1969-இல் லீட்ஸ் குழு ஆன்பீல்டுக்கே வந்து, சமனாக ஆடிப் பட்டத்தை உறுதிசெய்துகொண்டு போயிற்று. லிவர்ப்பூல் மக்கள் அன்று எதிரிக் குழுவைக் கைதட்டி வாழ்த்தினார்கள்.

ஷாங்க்லியை நீக்கவேண்டும் என்று வாதிப்பவர் சொல்லக்கூடியதை நாம் மறைக்க விரும்பவில்லை. அவர் கட்டிய குழு மூப்படைந்துவிட்டது. அதனை அவர் காண மறுத்தார். தமக்குப் பட்டம் தேடிக்கொடுத்த வீரர்களிடம் அவர் வைத்த அன்பு கண்ணை மறைத்தது. சுரங்கத்தில் கற்ற விசுவாசம் என்னும் நற்குணமே இங்கே குற்றமாக மாறிற்று. மூன்று நான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன என்பது உண்மை. அவருடைய அபிமானிகளும் இதை மறுக்க இயலாது.

1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி தீர்ப்பு நாளாக அமைந்தது. எப்.ஏ. கோப்பையின் கால் இறுதியில், இரண்டாம் டிவிஷனைச் சேர்ந்த வாட்போர்டு என்னும் எளிய குழுவிடம் லிவர்ப்பூல் ஒரு கோலில் தோற்றது. அத்தோல்வியைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லி ஷாங்க்லி சமாதானம் செய்துகொள்ளவில்லை. குற்றம் தம்முடையது என்று உணர்ந்தார். ஏட்ஸ், செயிண்ட் ஜான், லாரன்ஸ் ஆகிய பெரும்பெயர் பெற்றவர்களின் காலம் முடிந்தது. அவர்கள் இடத்தில் இளைஞர்கள் வந்தனர். ஸ்கந்தார்ப் என்னும் சிறு கழகத்திலிருந்து 1967-இலேயே வாங்கிப் பின்னணியில் வளர்த்துவந்த கிளெமென்ஸ் கோல் காத்தார். சர்வகலாசாலைப் பட்டதாரியான ஹைவே வந்தார். கார்டிப் நகரிலிருந்து டோஷாக் வந்தார். 1971-இல் அதே ஸ்கந்தார்ப்பிலிருந்து 33,000 பவுனுக்குக் கீகன் வந்தார். அன்புக்குரியவர்களை விலக்குவது அவருக்கு எளிதாக இருந்திராது. தம் கையால் நட்ட மரத்தைத் தாமே வெட்டுவது யாருக்கும் எளிதன்று. ஆயினும் அவர் செய்தார்.

புதிய குழு பட்டத்தின் வாசற்படிவரை வந்து வந்து திரும்பியது. 1970-71 பருவத்தில் 42 லீக் ஆட்டங்களில் 24 கோல்களே விட்டுக்கொடுத்தது. அப்பருவத்தின் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்செனலிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்றது. தோற்று வந்த குழுவை வரவேற்க லிவர்ப்பூல் நகர மக்கள் திரள் திரளாகத் தெருவில் நின்றனர். 1972 மே மாதத்தில் கடைசி ஆட்டத்தில் அர்செனலை வென்றிருந்தால் லீக் பட்டம் கிடைத்திருக்கும். முடிவு நெருங்கியபோது டோஷாக் போட்ட கோலை ஆப்சைடு என்று நடுவர் தள்ளினார். ஆட்டம் கோலின்றி முடிந்தது. டெர்பி குழு 58 புள்ளிகளுடன் பட்டம் பெற்றது, லிவர்ப்பூலுக்கு 57.

மறு ஆண்டு, 1973-இல், லீக் பட்டமும் யூஇஎப்ஏ கோப்பையும் சேர்ந்தே வந்தன. ஆகவே ஷாங்க்லியை வைத்துக்கொண்டது சரியே என்று இங்கே பேனாவைக் கீழே வைப்பது எளிது. ஆனால் நமது மனம் அதற்கு ஒப்பவில்லை. பின்னால் வந்த வெற்றியைக் காட்டி முன்னைய பொறுமையை நியாயப்படுத்துவது, தீர்ப்பைப் படித்துவிட்டு வாதத்தை எழுதுவது போன்றது. 1972 மே மாதத்தில் டைரக்டர்கள் முன்பு 1973-இன் கோப்பைகள் இருக்கவில்லை. அன்று அவர்களுக்குக் கிடைத்த சாட்சியங்களைக்கொண்டே அவர்கள் முடிவு செய்யவேண்டியிருந்தது. ஆகையால் வழக்கை அந்த நாளோடு முடித்துக்கொண்டு கேட்போம்: கோப்பையில்லாத ஷாங்க்லியை வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம் என்பதே நம் துணிபு. அதற்கு மூன்று சாட்சியங்கள் உள. முதலாவது, அவர் தம் பிழையைக் கண்டார். கண்டபின் அதனைத் திருத்தினார். இரண்டாவது, குழுவின் வயது குறைந்துகொண்டும் ஆற்றல் கூடிக்கொண்டும் வந்தது; கிளெமென்ஸுக்கும் கீகனுக்கும் எதிர்காலம் நீண்டு கிடந்தது. மூன்றாவது, அவரிடம் வேலை செய்தவர்களும் அவரைக் காண வந்த மக்களும் அவரிடம் நம்பிக்கை இழக்கவில்லை. இம்மூன்றும் பட்டத்துக்கு முன்னரே கண்ணுக்குத் தெரிந்தவை. ஒரு புள்ளியும், நடுவரின் ஒரு கையசைவும் தடுத்த பட்டத்தைக்கொண்டு இவற்றைப் பொய்யாக்கமுடியாது.

மறுபுறத்தையும் சொல்லிவிடுவோம். வாட்போர்டில் தோற்ற பின்பும் ஷாங்க்லி பழைய வீரர்களையே பிடித்துக்கொண்டு, பழைய பட்டங்களையே பேசிக்கொண்டிருந்தால், அவரை மரியாதையோடு அனுப்பிவிடுவதே கடமை என்று நாம் சொல்லியிருப்போம். முன்னைய புகழ் நிரந்தரப் பட்டயம் ஆகாது. வெற்றி இல்லாமையைப் பொறுக்கலாம். வேலை இல்லாமையைப் பொறுக்கலாகாது.

எஞ்சிய கதை சுருக்கமானது. 1974 மே மாதத்தில் நியூகாசில் குழுவை 3-0 என்று வென்று லிவர்ப்பூல் எப்.ஏ. கோப்பையைப் பெற்றது. ஜூலை 12-ஆம் தேதி ஷாங்க்லி ராஜிநாமா செய்தார். ஊர் திகைத்தது. தோல்வியின்போது போகாதவர் வெற்றியின் உச்சியில் போனார். போன பின்னர் அவரால் இருக்க முடியவில்லை. பழக்கத்தினால் மெல்வுட் திடலுக்கு நடந்து வந்தார். புதிய மானேஜரிடம் சொல்ல வேண்டியதை ஆட்டக்காரர்கள் பழைய மானேஜரிடம் சொல்லத் தலைப்பட்டனர். இரண்டு தலைமை ஓரிடத்தில் நிற்பதில்லை. அவர் வருவது கழகத்தாருக்குச் சங்கடமாயிற்று. அதனை உணர்ந்து வருவதை நிறுத்திக்கொண்டார். அந்தப் புண் அவர் மனத்தில் ஆறவில்லை. 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி மாரடைப்பினால் காலமானார். பொறுமையோடு அவரைக் காத்த கழகம், விடைகொடுத்தபின் அவருக்குத் தக்க இடம் ஒன்றை வகுத்துக்கொடுக்கத் தவறியது என்றே நாம் நினைக்கிறோம்.

ஆனால் அவர் கட்டியது நின்றது. அவர் நீக்காமல் வைத்துக்கொண்ட பெய்ஸ்லியே அவருக்குப்பின் மானேஜராகி, ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார். 1977-இல் ரோமாபுரியில் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பதினொருவரில் கிளெமென்ஸ், ஸ்மித், ஹியூஸ், காலகன், ஹைவே, கீகன் ஆகியோர் ஷாங்க்லியின் காலத்தவர். மற்றொருவரான ரே கென்னடி, ஷாங்க்லி விலகிய அன்று வாங்கப்பட்டவர். அக்கோப்பையைப் பெற்ற நாளில் ஷாங்க்லி பதவியில் இல்லை. எனினும் அதன் அஸ்திவாரம், பட்டம் ஒன்றும் கிடைக்காத அந்த ஏழு ஆண்டுகளில் இடப்பட்டது.

பதவியில் இருப்பவரிடம் கோப்பை எங்கே என்று கேட்க மக்களுக்கு உரிமையுண்டு. அதற்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நேற்றைய பிழையை இன்று திருத்தினீரா? ஆம் என்று சான்றோடு சொல்லக்கூடியவரை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லமுடியாதவர் கையில் கோப்பையே இருந்தாலும், அடுத்தவரைத் தேடத் தொடங்குங்கள்.