தாம்பரம் காடும் டாக்டர் மில்லரும்

குழந்தைகளே, மின்சார ரயிலில் தாம்பரம் போயிருக்கிறீர்களா? நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கடைகள், பேருந்துகள், ஹாரன் சத்தம் எல்லாம் திடீரென்று குறைந்துவிடும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காடு தெரியும். உண்மையான காடுதான்! புள்ளிமான்கள் திரியும், மயில்கள் அகவும். அந்தக் காட்டுக்குள்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 365 ஏக்கர். ஏறக்குறைய 200 கால்பந்து மைதானங்களை அடுத்தடுத்துப் போட்டால் எவ்வளவு வருமோ, அவ்வளவு!

நான் வேலையில் இருந்த நாட்களில் ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளிடம், இந்தக் கல்லூரியை இவ்வளவு பெரிதாக வளர்த்தவர் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவரது பெயர் டாக்டர் வில்லியம் மில்லர். வேடிக்கை என்னவென்றால், அவர் இந்தக் காட்டுக்குள் ஒரு நாள்கூடப் பாடம் நடத்தியதில்லை. கல்லூரி தாம்பரத்துக்கு வருவதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

பிரிட்டனின் வடகோடியில், ஸ்காட்லாந்து நாட்டின் கடலோரத்தில் தர்சோ என்ற சிறிய ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே பிற்பகலிலேயே இருட்டிவிடும். அந்த ஊரில் 1838-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் மில்லர் பிறந்தார். அபர்தீன், எடின்பரோ நகரங்களில் படித்தார். நல்ல வசதியான குடும்பம். படித்த படிப்புக்குச் சொந்த நாட்டிலேயே கௌரவமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 24 வயதில், 1862-ஆம் ஆண்டு, சமயப் பணியாளராகவும் ஆசிரியராகவும் சென்னைக்குக் கப்பல் ஏறினார்.

அன்றைய பயணத்தை இன்றைய விமானப் பயணம் போல நினைத்துவிடாதீர்கள். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதே 1869-இல்தான். சென்னையில் துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் கரைக்குத் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகள்தான் ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்க்கும். அலை ஓங்கி அடித்தால் நனையாமல் வர முடியாது.

மில்லர் வந்து சேர்ந்த இடம் ஒரு பள்ளிக்கூடம். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1837-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி, ஜான் ஆண்டர்சன் என்ற இளம் ஸ்காட்லாந்துப் பாதிரியார், சென்னை ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியன் தெருவில் 59 பையன்களோடு அதைத் தொடங்கினார். (ஆர்மீனியன் தெரு தமிழில் அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை! ஆர்மீனியர் என்ற சொல் நம் வாயில் அப்படி மாறிவிட்டது.)

பள்ளி தொடங்கிய அடுத்த ஆண்டே பெரிய சோதனை வந்தது. தீண்டத்தகாதவர்கள் என்று அந்தக் காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சாதியைச் சேர்ந்த பையன்களும் வகுப்பில் உட்கார்ந்திருப்பது மற்றப் பெற்றோர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்களை வெளியே அனுப்பு என்று கூச்சல் போட்டார்கள். கடைசியில் தனியாக வேறு பெஞ்சிலாவது உட்கார வையுங்கள் என்றார்கள். ஆண்டர்சன் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏராளமான பையன்கள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள். வகுப்புகள் காலியாகிக் கிடந்தன. அப்படியும் அவர் அசையவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

ஆண்டர்சன் 1855-இல் இறந்துபோனார். அதன்பிறகு தளர்ந்து போயிருந்த பள்ளிதான் மில்லரின் கைக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது ஐந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பள்ளிப்படிப்போடு பையன்களை அனுப்பிவிட்டால் போதாது, பட்டப்படிப்பு வரை இங்கேயே படிக்க வேண்டும் என்று மில்லர் நினைத்தார். 1865-இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின.

கல்லூரி என்றால் சும்மாவா? பேராசிரியர்கள் வேண்டும், கட்டடங்கள் வேண்டும், நூலகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தக் காலத்தில் சென்னையில் பல கிறிஸ்தவச் சபைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தது. தனித்தனியே ஐந்து சிறிய கல்லூரிகளை இழுத்துக்கொண்டு திண்டாடுவதைவிட எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல கல்லூரியை நடத்தலாமே என்று மில்லர் சபைத் தலைவர்களிடம் பேசினார். இது லேசான காரியம் இல்லை. சபைகளுக்குள் வழக்குகளும் வருத்தங்களும் இருந்தன. ஆனாலும் பேசிப் பேசியே இணங்க வைத்தார். 1877-ஆம் ஆண்டு அது பல சபைகள் சேர்ந்து நடத்தும் கல்லூரியானது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. இவை போதாமல், தம் குடும்பச் சொத்திலிருந்தும் மில்லர் கல்லூரிக்கு வாரிக் கொடுத்தார்.

மில்லருக்கு எதிர்ப்பும் இருந்தது, குழந்தைகளே. அதையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் பணம் அனுப்புகிறோமே, எத்தனை மாணவர்கள் கிறிஸ்தவர்களாக மாறினார்கள் என்று ஸ்காட்லாந்தில் இருந்தவர்களில் சிலர் கணக்குக் கேட்டார்கள். மில்லரோ, கல்லூரியின் வேலை தலையெண்ணிக் கணக்குக் காட்டுவது இல்லை என்றார். நல்ல கல்வியால் ஒரு நாட்டின் சிந்தனை முழுவதும் மெதுவாக மாறும், அதற்குப் பல தலைமுறைகள் ஆகும் என்பது அவரது எண்ணம். அங்கே இப்படி என்றால் இங்கே வேறு விதம். 1888-இல் மதமாற்றம் தொடர்பாகவே சர்ச்சை கிளம்பி, மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். அங்கே மதம் மாற்றவில்லை என்று குறை, இங்கே மாற்றுகிறார்கள் என்று குறை! இரண்டு பக்கமும் இடி வாங்கிய மத்தளம் போலத்தான் அவர் நிலை. கல்லூரி மூடப்படவில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகவே படித்தார்கள்.

வெளியூர்ப் பையன்களின் கஷ்டம் மில்லருக்கு நன்றாகத் தெரிந்தது. தஞ்சாவூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள் ஜார்ஜ் டவுன் சந்துகளில் கிடைத்த அறையில் தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். அவர்களுக்காகக் கல்லூரியின் பக்கத்திலேயே விடுதிகள் எழும்பின. ஆசிரியரும் மாணவரும் வகுப்பு மணி அடித்ததோடு பிரிந்துவிடக் கூடாது, ஒரே இடத்தில் வாழ்ந்து, பேசி, விளையாடிப் பழக வேண்டும் என்று மில்லர் ஆசைப்பட்டார். இந்த ஆசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் வரும்போது தேவைப்படும்.

மில்லருக்குப் பிடித்த பாடம் ஆங்கில இலக்கியம். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பற்றிப் புத்தகங்களே எழுதியிருக்கிறார். லியர் மன்னன் கதையை இந்திய அரசியலோடு சேர்த்துப் பார்த்து ஒரு நூல் எழுதியவர் அவர். அவருடைய வகுப்பில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி தமிழ் படிப்பவர்கள் எல்லாருக்கும் பிடிக்கும்.

டென்னிசன் என்ற ஆங்கிலக் கவிஞரின் கவிதை ஒன்றை அன்று அவர் நடத்திக்கொண்டிருந்தார். துடுப்புகள் அசையப் போகும் படகை, நீரில் மிதந்து செல்லும் அன்னப்பறவைக்கு அந்தக் கவிஞர் ஒப்பிட்டிருந்தார். மில்லருக்கு அந்த உவமை மிகவும் பிடித்திருந்தது. உங்கள் தமிழில் இப்படி ஏதாவது உண்டா என்று மாணவர்களைப் பார்த்துக் கேட்டார். ஒரு மாணவர் உடனே எழுந்தார். கம்பராமாயணத்தில் குகன் இராமனைக் கங்கையில் அக்கரை சேர்க்கும் இடத்தைச் சொன்னார். அங்கே ஓடமும் அன்னம் போலவே நடை போடுகிறது! கம்பர் டென்னிசனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர் அல்லவா? மில்லருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தம் நாட்டுக் கவிஞர் பின்தங்கிவிட்டாரே என்று முகம் சுளிக்காமல் அந்த மாணவரைப் பாராட்டினார்.

அந்த மாணவர் யார் தெரியுமா? மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் 1870-இல் பிறந்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரி. தம் வடமொழிப் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று வைத்துக்கொண்டாரே, அவரேதான்! பட்டம் பெற்றதும் தத்துவத் துறையில் வேலை கிடைக்கும் வாய்ப்பு இருந்தும், தமிழ்த்துறைதான் வேண்டும் என்று கேட்டு, அதே கல்லூரியில் 1893-இல் தமிழாசிரியர் ஆனார். அன்றைக்குத் தமிழாசிரியர் என்றால் மற்றவர்களைவிட மதிப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. 1902-இல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை எடுத்துவிடப் பேச்சு எழுந்தபோது, அவரும் அறிஞர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் முன்னின்று எதிர்த்தார்கள். அந்த யோசனை கைவிடப்பட்டது. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர் அவர். மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது 2004-இல்! பாவம், பரிதிமாற் கலைஞர் 1903-இல், 33 வயதிலேயே காலமாகிவிட்டார். இவ்வளவு அருமையான மாணவரைப் பறிகொடுத்தபோது மில்லருக்கு வயது 65.

இன்னொரு மாணவரையும் சொல்ல வேண்டும். திருத்தணியிலிருந்து வந்த ஓர் ஏழைப் பையன், வேலூரில் படித்துவிட்டு இந்தக் கல்லூரியில் சேர்ந்தார். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன. புதிதாகப் புத்தகம் வாங்க வசதி இல்லாததால் தத்துவத்தையே பாடமாக எடுத்துக்கொண்டார். அவர்தான் பிற்காலத்தில் நம் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன். அவரது பிறந்த நாளைத்தான் செப்டம்பர் 5-ஆம் தேதி ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் அங்கே சேர்ந்தபோது முதல்வராக இருந்தவர் மில்லர்.

மில்லர் 1901 முதல் 1904 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, எஸ்பிளனேடு பகுதியில் கல்லூரிக்கு எதிரே அவருக்குச் சிலை வைத்தார்கள். தினமும் வேலைக்குப் போகும் வழியில் தம் சிலையையே பார்த்துக்கொண்டு போவது எப்படி இருந்திருக்கும்? எனக்கு யோசிக்கவே கூச்சமாக இருக்கிறது!

1907-இல் அவர் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். 24 வயதில் வந்தவர் 69 வயதில் போனார். இடையில் 45 ஆண்டுகள். 1923-ஆம் ஆண்டு ஜூலை மாதம், 85-ஆம் வயதில் ஸ்காட்லாந்தில் காலமானார்.

அவர் போன பிறகும் ஜார்ஜ் டவுனில் நெரிசல் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் கடைத்தெரு, ஒரு பக்கம் உயர்நீதிமன்றம். டிராம் வண்டிகளின் சத்தம் வேறு. புதிதாக ஒரு கட்டடம் கட்ட இடமில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் வாழ வேண்டும் என்ற மில்லரின் ஆசை அங்கே நடக்காது என்று தெரிந்துவிட்டது. எனவே ஊருக்கு வெளியே இடம் தேடினார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூர்க் காட்டை அரசு கொடுத்தது.

அப்போது தாம்பரம் என்றால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். புதரும் முள்ளும் மண்டிய இடம். பாம்புகள் அதிகம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்தக் காட்டுக்கு யார் படிக்க வருவார்கள்? நல்ல வேளையாக, 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த ரயில் இல்லாவிட்டால் கல்லூரியும் இங்கே வந்திருக்காது என்பது என் கணிப்பு.

1937-ஆம் ஆண்டு, ஆண்டர்சன் பள்ளி தொடங்கிச் சரியாக 100-ஆவது ஆண்டில், கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்தது. ஏ.ஜி. ஹாக் அப்போது முதல்வர். ராதாகிருஷ்ணனுக்குத் தத்துவம் கற்பித்தவர்களில் அவரும் ஒருவர். சேலையூர் விடுதி, புனித தோமையார் விடுதி, பிஷப் ஹீபர் விடுதி என்று மரங்களுக்கு நடுவே மூன்று விடுதிகள் கட்டப்பட்டன. பேராசிரியர்களின் வீடுகளும் அதே வளாகத்தில் எழும்பின. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் செடி கொடிகள் மேல் பைத்தியமாக இருந்தவர். அவரும் அவர் மனைவியும் வளாகம் முழுக்க மரக்கன்றுகளை நட்டு வளர்த்தார்கள். இன்று நாம் பார்க்கும் நிழலில் பெரும்பங்கு அவர்கள் நட்டது.

மறு ஆண்டே, 1938 டிசம்பரில், ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து கிறிஸ்தவப் பிரதிநிதிகள் இந்த வளாகத்தில் மாநாட்டுக்காகக் கூடினார்கள். சின்னஞ்சிறு தாம்பரத்தின் பெயர் உலகப் புத்தகங்களில் ஏறிவிட்டது. 1939-இல் பெண்களும் படிக்கச் சேர்ந்தார்கள். 1978-இல் தன்னாட்சி கிடைத்தது. தாம்பரமும் சும்மா இருக்கவில்லை. வளர்ந்து வளர்ந்து 2021-இல் மாநகராட்சியே ஆகிவிட்டது!

பழைய கல்லூரி இருந்த பகுதியைப் பார்க்க வேண்டுமானால் பாரிமுனைக்குப் போங்கள். ஆண்டர்சன் பெயரில் ஒரு தேவாலயம் அங்கே நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையில் இருக்கிறது. தாம்பரம் வளாகத்துக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தால் நூலகத்தின் பெயர்ப் பலகையைப் படித்துப் பாருங்கள். மில்லர் நினைவு நூலகம் என்று இருக்கும். மான்கள் தென்பட்டால் தயவுசெய்து பிஸ்கெட் போடாதீர்கள், அவற்றின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.