அகராதியில் பெயர் போடாத பாதிரியார்: புதுச்சேரி பெண் கல்விக்கு வழி திறந்த துப்புயி யார்?

அன்னதானம் போட்டால் பேனரில் படம் வேண்டும், புத்தகம் எழுதினால் அட்டையில் பெயர் வேண்டும். நாம பழகின உலகம் இது. ஆனால் புதுச்சேரியில் 1855-லும் 1862-லும் இரண்டு பாகமாக அச்சான தமிழ்-பிரெஞ்சு அகராதியில், தொகுத்தவர்கள் பெயர் இல்லை. இரண்டு மறைப்பணியாளர்கள் தொகுத்தது என்ற குறிப்பு மட்டும்தான். அந்த இருவரில் ஒருவர் லூயி மூசே. இன்னொருவர் லூயி சவினியன் துப்புயி.

யார் இவர்?

1806-ல் பிரான்ஸின் சான்ஸ் நகரில் பிறந்தவர். கத்தோலிக்க குருவானவர். பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையில் சேர்ந்து, 1832-ல் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். தமிழ் கற்றார். மிஷன் அச்சகத்தை உருவாக்கி நடத்தினார். வீரமாமுனிவரின் தேம்பாவணி 1850களில் முதன்முதலாக அச்சேறியது இந்த அச்சகத்தில்தான்.

பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு?

அன்றைக்கு ஊரே கேட்ட கேள்வி இது. கோயிலில் ஆடிப் பாடும் தேவதாசிப் பெண்கள்தான் படிப்பார்கள், குடும்பப் பெண்களுக்கு எழுத்து ஆகாது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றிய காலம். 1844 தொடக்கத்தில் ஆயர் பொன்னாந்த் தலைமையில் புதுச்சேரியில் குருக்கள் மாமன்றம் கூடியது. கல்வி பற்றி, பெண் கல்வி உட்பட, அங்கே பேசப்பட்டது. பேசியாச்சு, சரி. பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்?

துப்புயி கண்ட வழி: தமிழ்ப் பெண்களையே ஆசிரியைகளாக்குவது. அதற்காக அதே ஆண்டு அக்டோபர் 16-ல் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். மரியாவின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபை என்று இன்று அறியப்படுவது அதுதான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, ஊர்ப் பேச்சையும் தாங்கிக்கொண்டு அந்தப் பெண்கள் பாடம் நடத்த வந்தார்கள். உண்மையான துணிச்சல் அவர்களுடையது.

இதில் பணிவு எங்கே?

கடைசி இராவுணவின்போது இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்கிறது யோவான் நற்செய்தி. அது அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் செய்த வேலை. பெரிய வியாழன் அன்று கோயில்களில் பாதம் கழுவும் சடங்கு நடப்பது இதன் நினைவாகத்தான். அசிசி புனித பிரான்சிஸும் தன் துறவிகளுக்குச் சிறிய சகோதரர்கள் என்றுதான் பெயர் வைத்தார்.

கிறிஸ்தவத்தில் பணிவு என்பது தலைகுனிந்து நிற்பது மட்டும் இல்லை. தனக்கு இருக்கும் படிப்பையும் அதிகாரத்தையும் மற்றவர் வளர்வதற்குக் கொடுப்பது. துப்புயி தொடங்கிய சபைக்குத் தன் பெயரை வைக்கவில்லை. வகுப்பறையும் அவர் கையில் இல்லை, அந்தச் சகோதரிகளின் கையில்தான் இருந்தது.

விமர்சனம் இல்லையா?

இருக்கு. மதம் பரப்புவதும் இந்தப் பணியின் நோக்கம்தான். ஆள்வது பிரெஞ்சுக்காரர்கள் என்பதால் பாதிரியார்களுக்குச் செல்வாக்கும் இருந்தது. அன்றைய கிறிஸ்தவக் கோயில்களுக்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்தனி இடம் இருந்தது. எல்லோருக்கும் பணி செய்யச் சொல்லும் மதத்தில், யாரும் யாருக்கும் கீழே இல்லை என்ற பாடம் அப்போது பாதிதான் நடந்தது. துப்புயியின் வாழ்க்கையை இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்று என்ன மிச்சம்?

1874-ல் துப்புயி புதுச்சேரியிலேயே இறந்தார். 21 ஆண்டுகள் கழித்து, 1895-ல் அகராதியின் இரண்டாம் பதிப்பு வந்தபோதுதான் மூசே, துப்புயி என்ற பெயர்கள் அதில் அச்சாகின. பழைய தமிழ்-பிரெஞ்சு ஆவணங்களைப் படிப்பவர்கள் அதை இன்றும் புரட்டுகிறார்கள். அவர் தொடங்கிய சபையின் சகோதரிகள் 180 ஆண்டுகளைத் தாண்டியும் பள்ளிகள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அங்கே படிக்கும் பல பிள்ளைகளுக்குத் துப்புயி யாரென்றே தெரியாமல் இருக்கலாம். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார் என்று தோன்றவில்லை.