தொண்டர் படையில் கோகலே

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டில் சுரங்கப் பணியைத் தொடங்கினர். அதன்பின் வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் சாரிசாரியாக அங்கே வந்து குடியேறின. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் முதலிய இடங்களில் மூங்கில் தட்டிகளால் அமைந்த சிறு வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. காற்றும் வெளிச்சமும் குறைந்த அவ்வீடுகளில் மனிதரோடு எலிகளும் வாழ்ந்தன. 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புகைவண்டி வழியே பெங்களூருக்குள் நுழைந்த பிளேக் என்னும் கொள்ளைநோய் தங்கவயலையும் விட்டுவைக்கவில்லை. பெங்களூர்ப் பகுதியிலும் கோயம்புத்தூரிலும் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் உள்ளன. அந்நோய் மக்கள் மனத்தில் விளைத்த அச்சம் எத்தகையது என்பதற்கு அவையே சான்று.

தங்கவயலுக்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே அந்நோய் பம்பாயையும் புனே நகரையும் வாட்டியது. அந்தப் புனேயில் வாழ்ந்த இளம் பேராசிரியர் ஒருவருக்கு அது வேறொரு துன்பத்தையும் தந்தது. நோய் அவர் உடலைத் தொடவில்லை. அவர் பெயரைத் தொட்டது. அவரே கோபால கிருஷ்ண கோகலே.

கோகலே 1866ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் இரத்தினகிரி மாவட்டத்துக் கோத்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்குப் பதின்மூன்று வயது ஆனபோது தந்தையார் மறைந்தார். குடும்பச் சுமையை ஏற்ற தமையனார் தம் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் கல்விக்கு அனுப்பினார். தெருவிளக்கின் ஒளியில் படித்தும் ஒருவேளை உணவைத் துறந்தும் கோகலே கல்வி பயின்றார் என்பர். 1884இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதன்பின் அவர் பெருஞ்சம்பளத்தை நாடவில்லை. மாதம் 75 ரூபாய்க்கு மேல் பெறுவதில்லை என்றும், இருபது ஆண்டுகள் பணியாற்றுவது என்றும் உறுதி பூண்ட ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். அக்குழுவே தக்காணக் கல்விக் கழகம். அது நடத்திய பெர்குசன் கல்லூரியில் அவர் கணிதமும் வரலாறும் பொருளியலும் கற்பித்தார்.

அவர் தம் குருவாகக் கொண்டவர் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே. இருவரின் முதற் சந்திப்பைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. விழா ஒன்றில் கோகலே வாயிற்காப்புத் தொண்டராக நின்றார். அழைப்பிதழ் இல்லாமல் வந்த ரானடேயை, அவர் இன்னார் என அறிந்தோ அறியாமலோ, உள்ளே விட மறுத்துவிட்டாராம். கோகலேயின் வாழ்வைச் சொல்லும் நூல்களுள் பல இக்கதையை விடுவதில்லை.

1897ஆம் ஆண்டு கோகலேக்கு வயது முப்பது. இந்தியாவின் வரிப்பணம் எவ்வாறு செலவிடப்படுகிறது என்பதை ஆராய வெல்பி பிரபுவின் தலைமையில் இலண்டனில் ஒரு குழு கூடியிருந்தது. அதன்முன் சாட்சியம் அளிக்கத் தீன்ஷா வாச்சா முதலியோருடன் அவரும் சென்றார். குறுக்குக் கேள்விகளுக்குக் கலங்காமல் விடை கூறிப் புகழ் பெற்றார். ஆனால், அவர் இங்கிலாந்தில் இருந்த அதே மாதங்களில் புனே நகரம் தத்தளித்துக்கொண்டிருந்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில் அரசாங்கம் தொற்றுநோய்ச் சட்டத்தை இயற்றிற்று. புனேயில் ராண்டு என்னும் அதிகாரியின் தலைமையில் பிளேக் குழு அமைந்தது. வீடுகளைச் சோதனையிடும் பொறுப்பு வெள்ளைப் படைவீரர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அடுப்படிக்குள்ளும் பூசையறைக்குள்ளும் நுழைந்தனர். நோயாளி எனச் சந்தேகிக்கப்பட்டோரை மருத்துவமனைக்கும், அவரது குடும்பத்தாரைத் தனிமைக் கொட்டகைகளுக்கும் கொண்டு சென்றனர். துணிமணிகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் எரித்தனர். நோயைத் தடுக்க ஏதேனும் செய்தே ஆகவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மொழி அறியாத, வழக்கம் அறியாத படைவீரர்களை வீட்டுக்குள் அனுப்பியது பெருந்தவறு. நோயைவிட நோய்த்தடுப்பையே மக்கள் அஞ்சினர். ஜூன் 22ஆம் நாள் இரவு ராண்டு சுடப்பட்டார். சில நாள்களில் உயிர் துறந்தார். அவருடன் வந்த மற்றோர் அதிகாரி அவ்விடத்திலேயே இறந்தார்.

புனேயிலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்கள் கோகலேயை இலண்டனில் வந்தடைந்தன. படைவீரர்கள் இரண்டு பெண்களிடம் முறைகேடாக நடந்தனர் என்றும், அவர்களுள் ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றும் அவற்றுள் செய்தி இருந்தது. எழுதியவர்கள் நம்பத்தக்கவர்கள். கோகலே அச்செய்தியை நம்பினார். பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கூறினார். மான்செஸ்டர் கார்டியன் செய்தித்தாளுக்கும் தெரிவித்தார். இங்கிலாந்து அதிர்ந்தது. பம்பாய் ஆளுநர் சாண்டர்ஸ்ட் பிரபு அதனை அடியோடு மறுத்தார். சான்று எங்கே என்னும் கேள்வி எழுந்தது.

ஜூலை இறுதியில் கோகலேயின் கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது காவல்துறை ஆணையர் கப்பலிலேயே வந்து அவரைச் சந்தித்தார். அதற்குச் சில நாள் முன்னர்த்தான் திலகர் கைது செய்யப்பட்டிருந்தார். ராண்டைக் கொன்றவர்களைத் தேடும் வேட்டையும் மும்முரமாக இருந்தது. கடிதம் எழுதிய நண்பர்கள் தங்கள் பெயர் வெளிவரலாகாது என வேண்டினர். பெயரைச் சொன்னால் அவர்களுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் குற்றச்சாட்டு ஆதாரமற்றதாகி, பழி முழுவதும் தம் தலைமேல் விழும். கோகலே தாமும் விசாரித்துப் பார்த்தார். மெய்ப்பிக்கத்தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை. ரானடே முதலிய பெரியோரைக் கலந்து ஆராய்ந்தபின், ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஆளுநரிடமும் பிளேக் குழுவினரிடமும் படைவீரரிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு அறிக்கை வெளியிட்டார். நண்பர்களின் பெயர்களை மட்டும் கடைசிவரை வெளியிடவில்லை.

அந்த மன்னிப்பு இருபுறமும் கூர்மையான வாளாயிற்று. ஆங்கிலேயர் அவரைப் பொய்யர் என்றனர். சொந்த நாட்டவர் அவரைக் கோழை என்றனர். மக்கள் பட்ட துயரம் எல்லோரும் அறிந்தது. அப்படியிருக்க, வெள்ளையரிடம் எதற்காக மன்னிப்பு என்று புனேத் தெருக்களில் இளைஞர்கள் கொதித்தனர். மக்கள் துயரப்படவில்லை என்று கோகலே ஒருபோதும் கூறவில்லை. மெய்ப்பிக்க இயலாத ஒரு கொடிய குற்றத்தைக் குறிப்பிட்ட மனிதர்மேல் சுமத்தியதற்கே மன்னிப்புக் கேட்டார். இந்த நுட்பமான வேறுபாட்டைக் கேட்கும் பொறுமை அப்போது எவருக்கும் இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் அமராவதியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் அவர் பேசுவதற்கு எதிர்ப்புக் கிளம்பிற்று. சில மாதங்களுக்கு முன் இலண்டனில் நாட்டின் பெருமையை நிலைநாட்டியவர், தம்மவர் கூடிய அவையில் வாய் திறக்க இயலாமல் அமர்ந்திருந்தார்.

பொதுவாழ்வை விட்டு விலகிக் கல்லூரியோடு நின்றுவிடலாமா என்ற எண்ணம் அவருக்கும் எழாமல் இல்லை. அத்தருணத்தில் புனேயில் பிளேக் மீண்டும் தலைதூக்கியது.

முன்னாண்டுப் பாடத்தை அரசாங்கம் ஓரளவு கற்றிருந்தது. வீட்டுச் சோதனைக்கு உள்ளூர்த் தொண்டர்கள் தேவை என்பதை உணர்ந்திருந்தது. ஆனால், தொண்டுக்கு ஆள் கிடைப்பது எளிதன்று. நோய்க்கு அஞ்சி நகரத்தை விட்டு ஓடுவோரே மிகுதி. அதிகாரிகளோடு சேர்ந்து போகிறவரை மக்கள் வெறுத்தனர். இந்நிலையில் கோகலே தம்மைத் தொண்டராக ஒப்படைத்தார். எந்தப் பிளேக் குழுவின்மேல் குற்றம் சாட்டி மன்னிப்புக் கேட்டாரோ அந்தப் பணிக்கே சென்றார். அதிகாரிகளின் கண்ணில் அவர் நம்பத்தகாதவர்; மக்களின் கண்ணில் மன்னிப்புக் கேட்டவர். அந்த இரண்டு கறைகளோடும்தான் அவர் அப்பணியில் நுழைந்தார்.

பிளேக் தொண்டரின் வேலை மேடை வேலையன்று. மூடிய கதவைத் தட்டவேண்டும். உள்ளே நோயாளியை ஒளித்து வைத்திருக்கும் தாயிடம் அவள் மொழியில் பேசி இணங்கச் செய்யவேண்டும். அடுப்படியின் தூய்மையையும் பெண்களின் மானத்தையும் காக்கவேண்டும். அதே வேளையில், மறைத்தால் தெரு முழுவதும் அழியும் என்பதையும் உணர்த்தவேண்டும். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பது அன்று உறுதிப்படவில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டு வாயிலையும் மிதிப்பவர் தம் உயிரைப் பணயம் வைத்தே மிதித்தார். கோகலே நாள்தோறும் அப்பணியில் ஈடுபட்டார், பிறரையும் ஈடுபடுத்தினார். முன்பு அவருடைய குற்றச்சாட்டை மறுத்த ஆளுநர் சாண்டர்ஸ்டே அவருடைய தொண்டைப் பாராட்டினார். அப்பாராட்டைவிடப் பெரிய பரிசு ஒன்றும் கிடைத்தது. கதவு திறந்த வீடுகளில் அவரைப் பற்றிய பேச்சு மெல்ல மாறிற்று. 1899ஆம் ஆண்டு அவர் பம்பாய்ச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1902இல் தலைமை ஆளுநரின் சட்டசபையில் இடம்பெற்றார். ஏழைகளின் கலத்தில் விழும் உப்புக்கு வரி கூடாது என அங்கே புள்ளிவிவரங்களோடு வாதாடினார். 1905இல் காசி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

அதே ஆண்டு ஜூன் 12ஆம் நாள் காலையில், பெர்குசன் கல்லூரிக்குப் பின்புறமுள்ள குன்றின்மேல் கோகலேயும் மூன்று நண்பர்களும் கூடினர். முதலில் கோகலே உறுதிமொழி ஏற்றார். பின் மற்ற மூவருக்கும் செய்துவைத்தார். இந்திய ஊழியர் சங்கம் அவ்வாறு பிறந்தது. நாட்டை முதலாகக் கருதுதல், தமக்கென்று பொருள் தேடாமை, சாதி சமய வேறுபாடின்றி இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கொள்ளுதல், எவரோடும் தனிப்பட்ட பூசலில் ஈடுபடாமை முதலிய ஏழு உறுதிகளை உறுப்பினர் ஏற்கவேண்டும். புதிதாகச் சேர்பவர் ஐந்தாண்டுகள் பயிற்சி பெறவேண்டும். பஞ்சம், வெள்ளம், கொள்ளைநோய் எங்கே வந்தாலும் அச்சங்கத்தார் சென்றனர். தமிழ்நாட்டு வலங்கைமானில் பிறந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், அப்பதவியைத் துறந்து 1907ஆம் ஆண்டு சனவரியில் அதில் சேர்ந்தார்.

கோகலேயின் தொண்டு தமிழரைக் கடல் கடந்தும் தேடிச் சென்றது. தங்கவயலுக்கு மக்களை அனுப்பிய அதே வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து பல்லாயிரம் பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றிருந்தனர். ஒப்பந்தம் முடிந்தபின்னும் அங்கேயே தங்குவோர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும். ஏழைக் குடும்பத்தால் அதைத் தாங்க இயலாது. 1910 பிப்ரவரியில் கோகலே சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, அடுத்த ஆண்டு ஜூலை முதல் நேட்டாலுக்குக் கூலியாட்களை அனுப்புவது நின்றது. 1912இல் அவரே தென்னாப்பிரிக்கா சென்றார். காந்தியடிகள் அவருடன் ஊர் ஊராகப் பயணம் செய்தார். 3 பவுன் வரியை நீக்குவதாக அமைச்சர்கள் கூறியதை நம்பிக் கோகலே திரும்பினார். அவர்களோ சொல் தவறினர். அதன்பின் எழுந்த போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள். அவ்வாண்டே வரி நீங்கியது.

1915ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகள் தாயகம் திரும்பினார். இந்திய ஊழியர் சங்கத்தில் சேர அவர் விரும்பினார். கோகலேயும் அதையே விரும்பினார். ஆனால் சங்கத்தாருள் சிலர் தயங்கினர். காந்தியோ தென்னாப்பிரிக்காவில் பலமுறை சட்டத்தை மீறிச் சிறை சென்றவர். அவருடைய வழி வேறு, சங்கத்தின் வழி வேறு என அவர்கள் எண்ணினர். ஒரு காலத்தில் தம்மைத் தடுத்த வாயில்களைக் கோகலே மறந்திருக்க முடியாது. உறுப்பினராயினும் ஆகாவிடினும் காந்தியின் ஆசிரமச் செலவுக்கு வேண்டிய பணத்தைத் தருவதாக அவர் உறுதியளித்தார்.

அந்த விவாதம் முடிவதைக் காண அவர் உயிரோடு இல்லை. நீரிழிவும் இடைவிடாத உழைப்பும் வாட்டிய உடல் 1915 பிப்ரவரி 19ஆம் நாள் ஓய்ந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கருத்தில் மாறுபட்டு வாழ்ந்த திலகர் சுடுகாட்டில் நின்று அவர் பெருமையைப் பேசினார். சங்கத்தின் தலைமை சீனிவாச சாஸ்திரியாரிடம் வந்தது. தம்மைச் சேர்ப்பது குறித்து உறுப்பினர் இரண்டுபட்டிருப்பதை அறிந்த காந்தியடிகள், கோகலேயின் சங்கம் தம்மால் பிளவுபடலாகாது எனக் கருதித் தம் விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். கோகலேயின் நினைவாக ஓராண்டுக் காலம் அவர் காலணி அணியவில்லை. இரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறி, வெறுங்காலுடன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார்.