விதைகளைக் காத்தவர், பட்டினியில் இறந்தார்: வாவிலோவ் வாழ்க்கை நாட்டு ரகம் வைத்திருப்போருக்குச் சொல்லும் பாடம்

உங்கள் வீட்டில் தாத்தா காலத்து நெல் ரகமோ, பாட்டி பந்தலில் ஏற்றிய அவரையோ இன்னும் இருக்கிறதா? விளைச்சல் குறைவு, சந்தையில் விலை போகாது என்று அதைக் கைவிட நினைக்கிறீர்களா? முடிவெடுக்கும் முன் நிகொலாய் வாவிலோவின் வாழ்க்கையைப் படியுங்கள். இன்று உலகெங்கும் இயங்கும் விதை வங்கிகளுக்கு முன்னோடி இந்த ரஷ்ய வேளாண் விஞ்ஞானிதான்.

கோதுமையிலிருந்து தொடங்கிய பயணம்

வாவிலோவ் 1887 நவம்பர் 25 அன்று மாஸ்கோவில் பிறந்தார். அவர் தந்தை குடியானவர் குடும்பத்தில் பிறந்து, துணி வியாபாரத்தில் முன்னேறியவர். மாஸ்கோவில் வேளாண்மை படித்த வாவிலோவ், 1913இல் இங்கிலாந்து சென்று வில்லியம் பேட்சனிடம் மரபியல் கற்றார். தானியப் பயிர்களில் ஒரே நோய் ஒரு ரகத்தை அழிக்கிறது, பக்கத்து ரகத்தை விட்டுவிடுகிறது. இது ஏன் என்பதே அவருடைய முதல் ஆராய்ச்சி.

1916இல் ஈரானில் இருந்த ரஷ்யப் படைவீரர்கள் ரொட்டி சாப்பிட்டு நோயுற்றார்கள். காரணம் கண்டறிய வாவிலோவை அனுப்பினார்கள். கோதுமையில் கலந்திருந்த நச்சுக் களை விதையே காரணம் என்று கண்டறிந்தார். வந்த வேலை முடிந்ததும் பாமிர் மலைப்பகுதிக்குப் போய், அங்குள்ள உழவர்களின் விதைகளைச் சேகரித்தார்.

களை பயிரான கதை

அந்த மலை நிலங்களில் அவர் கண்டது உங்களுக்கும் பயன்படும். கீழ்ப்பகுதி வயல்களில் ரை என்ற தானியம் கோதுமைக்கு நடுவே களையாக முளைத்தது. மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. கோதுமை நலிந்தது, ரை பெருகியது. மிக உயரமான வயல்களில் உழவர்கள் ரையையே பயிராக விதைத்தார்கள். ஓரிடத்தில் மதிப்பில்லாத செடி, இன்னோர் இடத்தில் ஒரு குடும்பத்தின் சோறு. வரகு, சாமை, குதிரைவாலியை ஏழைகளின் தானியம் என்று ஒதுக்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

பயிர்களின் பிறப்பிடங்கள்

1921இல் பெட்ரோகிராடு (பின்னாளில் லெனின்கிராடு) பயிர் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். அப்போது ரஷ்யாவில் கொடும் பஞ்சம். குளிர், வறட்சி, நோய் தாங்கும் பயிர் வேண்டுமானால், அந்தக் குணங்கள் எந்த ரகத்தில் இருக்கின்றன என்று தேட வேண்டும். ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, சீனா, ஜப்பான், தென் அமெரிக்கா என்று அலைந்தார். ஊர்ச் சந்தைகளிலும் வயல்களிலும் கிடைத்த விதைகளைச் சேகரித்தார்.

ஒரு பயிரின் ரகங்கள் மிகுதியாக இருக்கும் இடமே அதன் பிறப்பிடமாக இருக்கக்கூடும் என்று 1926இல் எழுதினார். அப்படி அவர் வகுத்த மையங்களில் இந்தியாவும் ஒன்று. நெல், கத்தரி, வெள்ளரி, மா ஆகியவற்றை இந்திய மையத்திலும், கேழ்வரகை எத்தியோப்பிய மையத்திலும் சேர்த்தார். பிறப்பிடங்கள் பற்றிய சில முடிவுகளைப் பிந்தைய ஆய்வுகள் திருத்தியுள்ளன. ஆனால் சிறு உழவர்களின் வயல்களே பயிர்ச் செல்வத்தின் களஞ்சியம் என்ற கருத்து இன்றும் நிற்கிறது.

சிறையும் முற்றுகையும்

நல்ல ரகம் உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். லைசென்கோ என்பவர் மரபியலை மறுத்து, குறுகிய காலத்தில் விளைச்சலைப் பெருக்கலாம் என்றார். ஸ்டாலின் அவரை ஆதரித்தார். 1940 ஆகஸ்டில், உக்ரைனின் மேற்குப் பகுதியில் பயிர் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது வாவிலோவ் கைது செய்யப்பட்டார். மரண தண்டனை பின்னர் சிறைத் தண்டனையாக மாறியது. 1943 ஜனவரி 26 அன்று சரடோவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார்.

அதே காலத்தில் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தது. ஊரே பட்டினி. வாவிலோவின் நிறுவனத்தில் மூட்டை மூட்டையாகத் தானியமும் உருளைக்கிழங்கும் இருந்தன. ஊழியர்கள் எலியிடமிருந்தும் உறைபனியிடமிருந்தும் அவற்றைக் காத்தார்கள், தின்னவில்லை. நெல் சேகரிப்பைக் கவனித்த திமித்ரி இவானோவ், நிலக்கடலையைக் கவனித்த அலெக்சாண்டர் ஷுக்கின் உட்படப் பலர் பசியால் இறந்தார்கள். போருக்குப் பின் அந்த விதைகளிலிருந்து பல புதிய ரகங்கள் உருவாயின. 1955இல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது. அந்த நிறுவனம் இன்று அவர் பெயரால் இயங்குகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

குளிர் அறையில் இருக்கும் விதை உயிரோடு இருக்கும். ஆனால் மாறும் மழையையும் புதிய பூச்சியையும் அது சந்திப்பதில்லை. ஆண்டுதோறும் வயலில் விதைக்கப்படும் ரகமே காலத்தோடு பழகுகிறது. அந்த வேலையை உழவர்தான் செய்ய முடியும்.

1. முழு நிலத்திலும் போட வேண்டாம். இரண்டு மூன்று சென்ட் ஒதுக்கினாலே ரகம் அழியாது.

2. நெல் ரகங்களுக்கு இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுங்கள். கலவன்களை அகற்றுங்கள். கத்தரி, பூசணி போன்றவற்றில் தேனீக்களால் கலப்பு ஏற்படும். இரு ரகங்களை அருகருகே வைக்காதீர்கள்.

3. ஒரே செடியிலிருந்து விதை எடுக்காதீர்கள். அந்த ரகத்துக்குரிய நல்ல செடிகள் பலவற்றிலிருந்து எடுத்தால்தான் ரகத்துக்குள் இருக்கும் வேறுபாடு நிலைக்கும்.

4. நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத கலனில் வையுங்கள். ரகத்தின் பெயர், யாரிடம் வாங்கியது, எந்த மண், எத்தனை நாள் பயிர், எந்தச் சமையலுக்கு ஏற்றது என்று எழுதி ஒட்டுங்கள்.

5. விதையை இன்னும் இரண்டு பேருக்காவது கொடுங்கள். உங்கள் பயிர் வெள்ளத்தில் போனாலும் ரகம் தப்பிக்கும்.

6. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டத்தின்கீழ் உங்கள் ரகத்தை உழவர் ரகமாகப் பதிவு செய்யலாம். அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

இந்தப் பருவத்திலேயே ஒரு ரகத்தில் தொடங்குங்கள்.